சிபாரிசு தேடாதீர், மேல்முறையீடு செய்வீர்!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் வியாபாரம் செய்யும் சகோதரர்களே! முதல் வகுப்பில் சேர வந்த ஆறு வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்து, 'கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இடம்' என்று பள்ளி திருப்பி அனுப்பினால் என்ன செய்கிறோம்? சிபாரிசுக் கடிதம் தேடி அலைகிறோம். இது சரியா?

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வு செய்வதைத் தடுக்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தரலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்கவில்லையா? மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். ரசீது இல்லாமல் சரக்கு எடுப்போமா? இடம் இல்லை என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பில் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்றனர். சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக நமது பள்ளிகளும் பிஞ்சுகளைச் சலித்து எடுக்கலாமா? பிறர் செய்தால் அநீதி, நாம் செய்தால் நிர்வாகமா? அப்படிப் பரீட்சை வைக்கும் நம் தாளாளர்கள் முதலில் அதை நிறுத்தட்டும். அப்போதுதான் பிறர் வாசலில் நாம் பேசும் நியாயம் எடுபடும்.