குப்பைப் பைக்கு பார்கோடு இருக்கிறது, தூக்குகிறவருக்கு என்ன இருக்கிறது?

மருத்துவமனைச் சேவையை மேம்படுத்த ஒரு புதுமைத் திட்டம் சொல்லுங்கள் என்று எந்தக் கல்லூரியில் போட்டி வைத்தாலும் வருகிற விடைகள் ஏறத்தாழ ஒன்றுதான். வரிசையில் நிற்காமல் டோக்கன் எடுக்க ஒரு செயலி. வார்டுக்கு மருந்து கொண்டுபோக ஒரு ரோபோ. கழிப்பறை வாசலில் கியூஆர் கோடு ஒட்டி நோயாளியிடம் கருத்துக் கேட்பது. இவையெல்லாம் வேண்டாத வேலை என்று நாங்கள் சொல்லவில்லை. விடிகாலை முதல் பஸ்ஸைப் பிடித்து உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வந்து ஓ.பி. சீட்டுக்கு நிற்கிற மக்கள் எங்கள் மக்கள்தான். அவர்களுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானாலும் சந்தோஷம்தான்.

ஆனால் இந்தத் திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். வார்டைக் கூட்டுகிறவர், பிரசவ அறையில் ரத்தத்தைத் துடைக்கிறவர், ஊசியும் பஞ்சும் கிடக்கிற வாளியைத் தூக்குகிறவர். புதுமை பேசுகிறவர்களின் வரைபடத்தில் மருத்துவர் உண்டு, செவிலியர் உண்டு, நோயாளி உண்டு, இயந்திரமும் உண்டு. இவர் மட்டும் இல்லை. தற்செயலாக விடுபட்டவர் அல்ல இவர். சேரிக்கு ஊருக்குள் இடம் இல்லாதது எப்படித் தற்செயல் இல்லையோ, அப்படித்தான் இதுவும்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த எர்ஸ்கின் பெயரில் இருந்த ஆஸ்பத்திரி. இன்றும் மக்கள் வாயில் அது பெரியாஸ்பத்திரிதான். தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களில் கைவிட்ட கேஸ் எல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம். அது இருக்கிற சாலையின் பெயர் பனகல் சாலை. மருத்துவக் கல்லூரியில் சேர சமஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற தடையை நீக்கியவர் என்று நாம் மேடைதோறும் நினைவுகூருகிற அதே பனகல் அரசர்தான். அந்தத் தடை போனதால், பின்னால் இட ஒதுக்கீடு வந்ததால், நம் வீட்டுப் பிள்ளைகள் வெள்ளை கோட் போட்டு அந்தக் கட்டடத்துக்குள் போனார்கள். அது நம் இயக்கங்கள் வென்றெடுத்தது, மறுக்கவில்லை. அதே கட்டடத்தின் பின்வாசல் வழியாகத் துடைப்பத்தோடு போகிறவர்கள் யார் என்பது மட்டும் இந்த நூறு வருடத்தில் மாறவே இல்லை. கழிவுநீர்ப் பாதையிலும் மலக்குழியிலும் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஒன்றிய அரசு எடுத்த கணக்கு 2024இல் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மருத்துவமனை வார்டில் யார் கூட்டுகிறார்கள் என்று அறிய ஆராய்ச்சி தேவையில்லை. மதுரையில் எந்தக் குடியிருப்பிலிருந்து அந்த வேலைக்கு ஆள் வருகிறது என்பது ஊருக்கே தெரியும்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு மருத்துவமனையையும் கட்டுப்படுத்துகின்றன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவை நிறம் பிரித்துப் போடச் சொல்வது இந்த விதிகள்தான். கழிவுப் பைக்கு பார்கோடு ஒட்ட வேண்டும், அது எங்கிருந்து கிளம்பி எங்கே போனது என்று தெரிய வேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. அதே விதிகளில், கழிவைக் கையாளுகிற ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், வேலையில் சேரும்போதும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பயிற்சியும் உடல் பரிசோதனையும் தர வேண்டும் என்றும் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது பொருந்தாது என்று எந்த வரியும் கிடையாது.

பார்கோடு பற்றிக் கருத்தரங்கு நடக்கிறது, மென்பொருள் வாங்கப்படுகிறது, புகைப்படம் வருகிறது. தடுப்பூசி பற்றிக் கேட்டால் ஒப்பந்த நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். நிறுவனத்தின் மேஸ்திரியைக் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள் என்கிறார். எங்களோடு பேசுகிற அக்காமாரிடம், மூன்று டோஸ் ஊசி போட்டீர்களா என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஊசி என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

ஊசி குத்தினால் என்ன ஆகும்? ஹெச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்று வருகிற வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றுக்கு முப்பது வரை போகும். முதலாவதற்கு 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இரண்டாவதற்கு முன்கூட்டியே மூன்று ஊசி போட்டிருந்தால் பெரும்பாலும் பயமே வேண்டாம். மருத்துவருக்கு இது தெரியும், மருந்தும் அதே வளாகத்தில் இருக்கிறது. இரவு ஷிப்டில் குப்பையைக் கட்டும்போது கையில் குத்திய அக்காவுக்கு, அது எந்த அறை, யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது தெரியாது. சொன்னால், உறை போடாமல் ஏன் தொட்டாய் என்ற ஏச்சு வரும், நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்ற பயமும் இருக்கும். அவர் குழாயில் கையைக் கழுவிவிட்டு அடுத்த வாளியைத் தூக்குகிறார்.

அதே 2016 விதிகளில் இன்னொன்றையும் பாருங்கள். பெரிய விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். ஆனால் பெரிய விபத்து என்ற சொல்லுக்குத் தந்த விளக்கத்திலேயே ஊசி குத்துவது சேராது என்று எழுதிவிட்டார்கள். கழிவு வண்டி கவிழ்ந்தால் பெரிய விபத்து. ஒரு பெண்ணின் கையில் ஊசி இறங்கினால் ஆண்டறிக்கையில் ஒரு வரி, அதுவும் யாராவது எழுதினால்.

அடுத்து விருதுகள். ஒன்றிய அரசு 2015இல் காயகல்ப் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அரசு மருத்துவமனைகளின் தூய்மை, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, 70 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் பணமும் பாராட்டும் தருகிறார்கள். 2016இல் மேரா அஸ்பதால் என்று ஒரு கருத்துக்கேட்பு முறையும் வந்தது. திருப்தி இல்லை என்று நோயாளி சொன்னால் ஏன் என்று கேட்கும். ஊழியரின் நடத்தை, தூய்மை என்று காரணங்கள் வரிசையாக நிற்கும். நோயாளி தூய்மை என்று அழுத்தினால் அந்த அழுத்தம் எங்கே போய் விழும்? கண்காணிப்பாளரின் சம்பளத்திலா? நான்கு ஆள் செய்ய வேண்டிய வார்டை இரண்டு ஆளை வைத்து ஓட்டுகிற ஒப்பந்தக்காரரின் லாபத்திலா? இரண்டிலும் இல்லை. ஏற்கெனவே குனிந்திருக்கிற முதுகில்தான் விழும். அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் தன் திருப்தியின்மையைச் சொல்ல எந்தச் செயலியும் இல்லை. தரம் என்ற பெயரில் ஒரு மேற்பார்வையாளர் கூடியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒப்பந்த முறை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துப்புரவையும் காவலையும் தனியாருக்கு விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த கூலியைக் கொடு, பிடித்த பி.எஃப். பணத்துக்குக் கணக்குக் காட்டு என்று மதுரையிலும் மற்ற ஊர்களிலும் தொழிலாளர்கள் வாசலில் உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கேட்டது சலுகை அல்ல, ஏற்கெனவே உள்ள கூலி. இது நிரந்தர வேலையாக இருந்தபோது கூலி குறைவானாலும் பென்ஷன் இருந்தது, மருத்துவ விடுப்பு இருந்தது, அம்மா கூட்டிய ஆஸ்பத்திரியிலேயே மகள் நர்ஸாக வருவதற்கு ஒரு படிக்கட்டு இருந்தது. ஒப்பந்தம் அந்தப் படிக்கட்டை இடித்துவிட்டது. ஒப்பந்த வேலையில் இட ஒதுக்கீடு கிடையாது என்பார்கள். துடைப்பத்தில் மட்டும் எழுதாத நூறு விழுக்காடு ஒதுக்கீடு தொடர்கிறது.

நாடாளுமன்றம் 2020இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டத்தைப் படியுங்கள். ஒரு நிறுவனத்தின் மைய வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்கிறது. உடனே, எவையெல்லாம் மைய வேலை ஆகாது என்று ஒரு பட்டியலும் போடுகிறது. அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது கூட்டுவது, துடைப்பது, கழிவை அகற்றுவது. ஐ.டி. கம்பெனிக்கு இது பொருந்தலாம் என்றே வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக்கு எப்படிப் பொருந்தும்? 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் பிரசவம் பார்க்கும் முன் கையைக் கழுவச் சொன்னதும் தாய்மார்களின் சாவு சரிந்தது. அழுக்கை அகற்றுவதும் சிகிச்சைதான் என்று நிரூபித்த துறை மருத்துவத்துறை. மருத்துவர் கழுவினால் அது அறிவியல், நம் அக்கா கழுவினால் அது உதிரி வேலையா? இந்தப் பாகுபாட்டை எந்த ஆய்வகமும் கண்டுபிடிக்கவில்லை. இது மனு காலத்துச் சரக்கு. சாதி என்பது வேலைகளைப் பங்கிடுவதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். மருத்துவமனை அடுக்கு அதற்குக் கண்ணெதிரே உள்ள சாட்சி.

இங்கே ஒரு கேள்வி வரும். ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு, குழந்தையைக் காட்ட ஐந்நூறு என்று இவர்கள் ஏழையிடம் பிடுங்கவில்லையா? பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பணம் கொடுக்கிறவரும் பெரும்பாலும் நம் சேரியிலிருந்து வந்தவர்தான், அவர் அழுகையை நாங்களும் கேட்டிருக்கிறோம். அதற்காக வாங்குகிறவரை நாங்கள் நியாயப்படுத்த மாட்டோம். ஆனால் கூலியைத் திருடுகிறவன் ஏ.சி. அறையில் இருக்க, நூறு ரூபாய் வாங்கியவரை மட்டும் வீடியோ எடுத்துப் போடுவதை ஊழல் ஒழிப்பு என்றும் ஒத்துக்கொள்ள மாட்டோம். முழுக்கூலியும் நிலையான வேலையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் வாங்குகிறவர்மீது நடவடிக்கை எடுக்கட்டும். நாங்களே புகார் எழுதித் தருகிறோம்.

இன்னொரு வாதம், இயந்திரம் வந்தால் எல்லாம் தீரும் என்பது. இயந்திரம் வரட்டும், மனிதர் கையால் அள்ளுகிற நிலை ஒழியட்டும். ஆனால் அந்த இயந்திரத்தை இயக்கப் பயிற்சி பெறுகிறவர் யார், இயக்குநர் என்ற பதவியும் சம்பளமும் யாருக்கு என்று முதலிலேயே கேளுங்கள். கேட்காவிட்டால் சாவி ஒரு சாதிக்கும் சேறு ஒரு சாதிக்கும் போகும்.

மனிதரை வைத்துப் புதுமை செய்ய முடியாதா? உலகமே மதுரைக்கு வந்து படித்துவிட்டுப் போகிற பாடம் அதுதானே. இதே அரசு மருத்துவமனையில் கண் பிரிவின் தலைவராக இருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992இல் ஆரோலேப் வந்து, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் விலையை வெளிநாட்டு லென்ஸின் விலையில் சிறு பங்காக இறக்கியது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இதைப் பாடமாக வைத்தது. எல்லோரும் லென்ஸைப் பற்றியும் அறுவை சிகிச்சையின் வேகத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்த வேகம் எங்கிருந்து வந்தது? பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதல் அறுவை அரங்கைத் தயார் செய்வது வரை அவர்களிடம் ஒப்படைத்ததிலிருந்து வந்தது. அங்கே எல்லாம் சமத்துவம் என்று சான்றிதழ் கொடுக்க நாங்கள் வரவில்லை. கீழே இருப்பவர் என்று ஒதுக்கப்பட்டவருக்குப் பயிற்சியும் பெயரும் பொறுப்பும் கொடுத்தால் மருத்துவமனையே மாறும் என்பதற்கு மதுரையிலேயே ஆதாரம் இருக்கிறது என்கிறோம். கருவிகளைக் கிருமி நீக்கும் பிரிவில், தொற்றுத் தடுப்புக் குழுவில், கழிவு மேலாண்மையில் தூய்மைப் பணியாளர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சி கொடுத்து உயர்த்த அரசுக்கு என்ன தடை?

அரசுக்கு இவர்களை எண்ணத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் ஒன்றிய அரசு சுகாதாரப் பணியாளர்களுக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. தூய்மைப் பணியாளரும் ஒப்பந்தத் தொழிலாளரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி தொடங்கியபோது தில்லி எய்ம்ஸில் முதல் ஊசி ஒரு தூய்மைப் பணியாளருக்குப் போடப்பட்டது. அதே நாளில் தமிழ்நாட்டின் தடுப்பூசித் திட்டத்தை அன்றைய முதல்வர் தொடங்கிவைத்தது நம் பெரியாஸ்பத்திரியில்தான். செத்தால் காப்பீடு வாங்க இவர் சுகாதாரப் பணியாளர், கேமரா முன் கை நீட்டவும் சுகாதாரப் பணியாளர். கொரோனா போனதும் மறுபடியும் ஒப்பந்தக்காரரின் ஆள்.

மாணவத் தோழர்களே, உங்கள் புதுமைத் திட்டத்தை இங்கிருந்து தொடங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு இந்தக் கேள்விகளை அனுப்புங்கள்:

1. துப்புரவுக்கு ஒப்பந்தப்படி எத்தனை பேர்? இன்று ஒவ்வொரு ஷிப்டிலும் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்?
2. ஒரு தொழிலாளிக்கு அரசு நிறுவனத்துக்குக் கொடுக்கிற தொகை எவ்வளவு? தொழிலாளி கைக்குப் போவது எவ்வளவு?
3. எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று டோஸும் போடப்பட்டிருக்கிறது?
4. சென்ற ஆண்டின் ஊசிக்குத்துப் பதிவேட்டின் நகல். எத்தனை பேருக்கு 72 மணி நேரத்துக்குள் மருந்து தரப்பட்டது?
5. தரக் குழுவிலும் தொற்றுத் தடுப்புக் குழுவிலும் தூய்மைப் பணியாளர் ஒருவராவது இருக்கிறாரா?
6. விருதுப் பணம் வந்திருந்தால், அதில் இவர்களுக்குக் கிடைத்தது எவ்வளவு?

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்று வந்தால், அந்தத் தாளோடு மருத்துவமனை முதல்வரின் அறை வாசலுக்குப் போங்கள், தொழிலாளர்களையும் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு போங்கள். ஒரு மருத்துவமனையில் எல்லோருக்கும் தடுப்பூசி போட வைத்துவிட்டால், அதுவே இந்த ஆண்டு மதுரையில் நடந்த பெரிய புதுமையாக இருக்கும். அதன் பிறகு கூலி, அதன் பிறகு நிரந்தரம். ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் வாங்க வேண்டும்.

ஜெய்பீம்!