நடந்து போனால் ஆபத்து என்னும் தவறான நம்பிக்கை

தொடக்கப்பள்ளிப் பிள்ளையை நடக்க விடுவது ஆபத்து, வண்டியில் ஏற்றி அனுப்புவதுதான் பத்திரம் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆழமாக ஊன்றிவிட்டது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்குக்கூட அப்பாவின் பைக்கிலோ அம்மாவின் ஸ்கூட்டியிலோ போய் இறங்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். கையில் கொஞ்சம் காசு புரண்டால் பக்கத்து டவுன் ஆங்கிலவழிப் பள்ளியின் மஞ்சள் வேன் வாசலுக்கே வருகிறது. நடந்து வரும் பிள்ளை கவனிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை என்று பார்க்கப்படுகிறது. இந்த நம்பிக்கை தவறானது. பிள்ளையைக் காக்க எடுக்கும் நடவடிக்கையே அந்தப் பிள்ளைக்கும் ஊரின் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆபத்தாக முடிகிறது.

தொடக்கப்பள்ளி என்பதே நடந்து போவதற்காக அமைக்கப்பட்டது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நடந்து செல்லக்கூடிய ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு அதற்கும் மிக முந்தியது. காமராசர் முதல்வராக இருந்த 1954–63 காலத்தில் ஊர்தோறும் தொடக்கப்பள்ளிகள் திறக்கப்பட்டதன் நோக்கமே, பள்ளி தொலைவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் எந்தப் பிள்ளையும் படிப்பை விட்டுவிடக் கூடாது என்பதுதான். ஆறு வயதுப் பிள்ளை பேசிக்கொண்டே போனாலும் ஒரு கிலோமீட்டரைக் கால் மணி நேரத்தில், மிஞ்சினால் இருபது நிமிடத்தில் கடந்துவிடும். டவுன் பள்ளி வேனோ நாலைந்து ஊர் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், முதலில் ஏறும் பிள்ளை முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

இனி, எது ஆபத்து என்பதைக் கணக்கோடு பார்க்க வேண்டும். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நடந்து சென்றவர்கள் 19.5 விழுக்காட்டினர். மொத்தச் சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஊரகப் பகுதிகளில் நிகழ்ந்தது. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. பைக்கில் போகிறவர்கள் அதிகம், அதனால் சாவும் அதிகம் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அந்த மறுப்பில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நடந்து சென்று இறந்தவர்களைக் கொன்றது நடை அல்ல. அவர்கள்மேல் மோதிய வண்டி. இரண்டு கணக்குகளிலும் உயிரைப் பறித்தது வண்டியும் அதன் வேகமும்தான்.

வீட்டு வண்டியில் பிள்ளை எப்படிப் போகிறது என்பதையும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெட்ரோல் டேங்கின்மேல் சின்னவன் உட்கார்ந்திருப்பான். அவனுடைய புத்தகப் பை ஹேண்டில்பாரில் தொங்கும். பின்னால் அக்கா, அவளுக்கும் பின்னால் சித்தப்பா மகள். ஓட்டுகிறவர் தலையிலும் ஹெல்மெட் இருக்காது, ‘இங்கிருக்கிற பள்ளிக்கூடம்தானே’ என்ற எண்ணத்தில். திடீரென்று பிரேக் பிடித்தால் டேங்கின்மேல் இருக்கும் பிள்ளையின் நெஞ்சும் தாடையும் ஹேண்டில்பாரில்தான் போய் மோதும். ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே உட்காரலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 2019 திருத்தத்தின்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஹெல்மெட் அணிய வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையால் ஓட்டுநரோடு பிணைத்து, தலைக்கவசம் அணிவித்து, மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல் ஓட்ட வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. பள்ளி தொடங்கும் நேரத்தில் ஏதாவது ஒரு கிராமத்துச் சாலையோரம் நின்று பார்த்தால், இந்த விதிகளில் ஒன்றேனும் பின்பற்றப்படுவதைக் காண்பது அரிது. பத்திரம் என்று நம்பப்படும் பயணத்தின் உண்மை நிலை இதுதான்.

வேனைப் பற்றிய நம்பிக்கை இன்னும் உறுதியானது. அதை உலுக்கிய சாவுகளும் அவ்வளவு கொடியவை. 2009 டிசம்பரில் வேதாரண்யம் அருகே பள்ளி வேன் ஒன்று குளத்தில் கவிழ்ந்து ஒன்பது குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் இறந்தார்கள். 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில், தகுதிச் சான்று பெற்று ஓடிக்கொண்டிருந்த பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே ஆறு வயதுச் சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்த பிறகே பள்ளிப் பேருந்துகளுக்கான தனி விதிகள் அந்த ஆண்டில் கொண்டுவரப்பட்டன. 2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தக் காலை வேளைகளில் பிள்ளையை ஏற்றிவிட்ட பெற்றோர் எவரும் அலட்சியக்காரர்கள் அல்லர். பிள்ளையை மற்றொருவர் ஓட்டும் வண்டியில் ஏற்றிய கணத்தில், அவர்களுடைய கவனம் எவ்வளவு இருந்தும் அது பயன்படாமல் போனது. வேன் போகிற வழி, ஓட்டுநரின் தூக்கம், தேய்ந்த டயர், அளவுக்கு மேல் ஏற்றிய கூட்டம் எதுவும் பெற்றோரின் கைக்குள் இல்லை.

இந்த நம்பிக்கையின் கொடுமையான பகுதி, அது தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்வது. சாலையில் வண்டிகள் பெருகிவிட்டன என்று அஞ்சி ஒரு வீடு பிள்ளையை வண்டியில் அனுப்புகிறது. அதனால் சாலையில் ஒரு வண்டி கூடுகிறது. அதைப் பார்த்து அடுத்த வீடும் அஞ்சுகிறது. பள்ளி வாசலில் இதை நேராகவே காணலாம். எட்டே முக்கால் மணிக்கு, எதிரெதிரே இரண்டு பைக்குகள் ஒதுங்கவே இடமில்லாத சந்தில், ஏழெட்டு வண்டிகள் ஒரே நேரத்தில் திரும்புகின்றன. ரிவர்ஸ் எடுக்கும் ஆட்டோவின் பின்பக்கம் நிற்கும் குட்டிப் பிள்ளை ஓட்டுநரின் கண்ணில் படுவதில்லை. அங்கே பெரிய ஆபத்தில் இருப்பது நடந்து வந்த பிள்ளை. அவனுக்கு ஆபத்தை உண்டாக்குவது மற்றப் பிள்ளைகளைப் பத்திரமாக இறக்க வந்த வண்டிகள்.

இங்கிலாந்து இந்த வழியில் முன்பே போய்ப் பார்த்துவிட்டது. மேயர் ஹில்மன், ஜான் ஆடம்ஸ், ஜான் வைட்லெக் ஆகியோரின் ஆய்வுப்படி, 1971-இல் ஏழு, எட்டு வயது ஆங்கிலேயப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றார்கள். 1990-இல் 9 விழுக்காட்டினர் மட்டுமே. இடைப்பட்ட காலத்தில் சாலையில் இறந்த பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. சாலை பாதுகாப்பாகிவிட்டது என்று அதிகாரிகள் அதற்குப் பொருள் சொன்னார்கள். சாலை மாறவில்லை, பிள்ளைகள்தான் அதிலிருந்து அகற்றப்பட்டார்கள் என்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். 1998-இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் பெற்றோர் முன்னும் பின்னும் நிற்க, பிள்ளைகள் குறித்த வழியில் குறித்த நேரத்தில் வரிசையாக நடந்து செல்லும் ஏற்பாடு தொடங்கியது. அது பிறகு பல ஊர்களுக்குப் பரவியது. ஒரு தலைமுறை கழித்து, இழந்ததைத் திரும்பப் பெற அந்த நாடு பெரும்பாடு படுகிறது. தமிழ்நாட்டுக் கிராமம் இன்னும் முழுதாக இழக்கவில்லை.

ஜப்பானின் பாடம் இன்னும் நேரானது. அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நடந்தே போகிறார்கள். பல ஊர்களில் மூத்த மாணவர் தலைமையில் தெருவாரியாகக் குழுவாகச் செல்வது வழக்கம். 2012 ஏப்ரலில் கியோட்டோ மாகாணத்தின் கமேயோகாவில் தூக்கக் கலக்கத்தில் ஓட்டப்பட்ட கார் அப்படியொரு வரிசைக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தது. நாடே அதிர்ந்தது. ஆனால் பிள்ளைகளை வண்டியில் ஏற்றுவது தீர்வாக முன்வைக்கப்படவில்லை. நாடு முழுவதும் பள்ளிப் பாதைகள் அடி அடியாக நடந்து பார்க்கப்பட்டு, சீராக்க வேண்டிய 74,000-க்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலிடப்பட்டன. திருத்த வேண்டியது சாலையை என்ற தெளிவு அங்கே இருந்தது.

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளிப் பாதையைத் திருத்தப் பெரும் பணம் தேவையில்லை. பல இடங்களில் பிள்ளைகள் தார்மேல் நடப்பதற்குக் காரணமே சாலையோரத்தில் நடக்க இடமில்லாததுதான். சீமைக்கருவேலம் முள்ளை நீட்டிக்கொண்டு தார் விளிம்புவரை வந்து நிற்கிறது. அதற்குக் கீழே மழையில் அரித்த மண், தாரைவிட ஒரு சாண் தாழ்ந்து கிடக்கிறது. பஸ் ஒலி கேட்டு ஒதுங்கும் பிள்ளையின் கால் அங்கே மடங்கும், அல்லது சட்டை முள்ளில் மாட்டும். முள்ளை வேரோடு பறித்து, கிராவல் கொட்டி, ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு முழ அகலத்தில் மண்பாதை போட்டால் பாதி ஆபத்து அங்கேயே தீரும்.

அடுத்தது வேகத்தடை. ஊர்க்காரர்களே இரவோடிரவாகப் போட்ட கூரான மேடு, வண்டியின் முதுகை உடைக்குமே தவிர வேகத்தை ஒழுங்காகக் குறைக்காது. பூச்சில்லாததால் இருட்டில் அதுவே ஆளைக் கவிழ்க்கும். இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கென்று கணக்கிட்டது. பள்ளி வாசலின் இருபுறமும் அந்த அளவில் வேகத்தடை, அதன்மேல் வெள்ளைக் கோடு, முன்னால் எச்சரிக்கைப் பலகை. கேட்பாரற்றுக் கிடக்கும் கிணற்றுக்கும் ஏரிக் கலங்கலுக்கும் பக்கத்தில் பாதை போனால் கைப்பிடிச் சுவர். வண்டியில் வர வேண்டிய பிள்ளைகளை வாசலில் இறக்காமல் இருநூறு மீட்டர் முன்பே, கோயில் திடலிலோ பஸ் நிறுத்தத்திலோ இறக்கிவிடுவது என்று ஊர் கட்டுப்பாடு வைத்தால் வாசல் நெரிசல் மறுநாளே குறையும்.

இதைச் செய்ய வைக்கும் அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குழு நடந்து பார்த்து எழுதிய பட்டியலைக் கிராம சபையில் தீர்மானமாக வைக்கலாம். மாநிலச் சாலையாக இருந்தால் நெடுஞ்சாலைத் துறைக்கு மனு போக வேண்டும். ஊராட்சிச் சாலையாக இருந்தால் ஊராட்சியே பார்த்துக்கொள்ளலாம். 2023 ஆகஸ்டு முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு தரப்படுகிறது. அதனால் பிள்ளைகள் ஒரே நேரத்தில், சற்று முன்பாகவே வந்துசேர வேண்டியிருக்கிறது. தெருவாரியாகச் சேர்ந்து நடப்பதற்கு இதைவிட வசதியான வாய்ப்பு கிடைக்காது. தெருவுக்கு ஒருவராக அம்மாவோ தாத்தாவோ முறை வைத்துக் கூட நடந்தால் போதும்.

எதிர்வாதங்களில் சில உண்மையானவை. ஜூனில் பள்ளி திறக்கும்போது வெயில் தணிந்திருப்பதில்லை. ஆகவே பாதையின் மேற்குப் பக்கம் புங்கனும் வேம்பும் வைத்து, ஆடு கடிக்காமல் வேலி கட்டிக் காக்க வேண்டும். மாலையில் பள்ளி விடும் நேரத்து நிழல் அப்போதுதான் பாதைமேல் விழும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று பழைய புளியமரங்களை வெட்டுவது பள்ளிப் பிள்ளைகளின் குடையைப் பறிப்பதாகும். தெருநாய்கள் பெரிய தொல்லை. கூட்டமாகப் பெரியவர் ஒருவரோடு போனால் அது குறையும்; நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஊராட்சியின் கடமை. பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு குறித்த அச்சம் எள்ளளவும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. ஆனால் ஊரார் கண்முன் பத்துப் பிள்ளைகளோடும் ஒரு பெரியவரோடும் நடக்கும் சிறுமியைவிட, வேனில் கடைசி நிறுத்தம்வரை ஓட்டுநரோடு தனியே வரும் சிறுமி கூடுதல் பாதுகாப்பில் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

சாதி பற்றிய அச்சமும் உண்டு, அதை வெளிப்படையாகவே பேச வேண்டும். காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியே நடக்கும்போது வசவும் சீண்டலும் வாங்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பெற்றோர் பிள்ளையை வண்டியில் ஏற்றுவதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. பள்ளிப் பாதை எல்லாத் தெருப் பிள்ளைகளுக்கும் பொது, எல்லாத் தெருக்காரர்களும் முறை வைத்துத் துணை நடக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவே முன்னின்று உறுதிசெய்வது இங்கே கட்டாயம். ஒன்றாக உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகள் ஒன்றாக நடக்கவும் வேண்டும்.

புகைக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளிக்குப் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பி, மாலையில் மறுபடி போய்க் கூட்டிவந்தால் நாளொன்றுக்கு நான்கு கிலோமீட்டர். தொடக்கப்பள்ளிக்குச் சட்டம் வகுத்த குறைந்த அளவு வேலைநாட்கள் 200. ஆக, ஆண்டுக்கு 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றாலும் 16 லிட்டர் பெட்ரோல். நாற்பது வீடுகளுக்கு 640 லிட்டர். இஞ்சின் சூடேறுமுன் அணைக்கப்படும் குறுகிய ஓட்டங்களில் புகையும் கூடுதல். அது வெளிப்படுவதோ பள்ளி வாசலில், ஐந்து வயதுப் பிள்ளையின் மூக்கு உயரத்தில். நடையின் பயன் உடலுக்கு உடனே தெரியும்: ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர்க்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். போய்வரும் நடையிலேயே அதில் பாதி கிடைத்துவிடும்.

வண்டி தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் பள்ளியிலிருந்து தள்ளிச் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள், காட்டாறு குறுக்கிடும் ஊர்கள், நான்குவழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்துவிட்ட இடங்கள், பிள்ளைகள் குறைந்ததால் பள்ளி மூடப்பட்டு அடுத்த ஊரோடு இணைக்கப்பட்ட பகுதிகள், உடல் ஊனமுற்ற பிள்ளைகள் ஆகியோருக்கு நடையைப் பரிந்துரைப்பது அநீதி. எளிதில் சென்றடைய முடியாத குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதியும் வழித்துணையும் தர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடமிருக்கிறது. அந்த நிதியைக் கேட்டுப் பெறுவது தலைமை ஆசிரியரும் மேலாண்மைக் குழுவும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை. நான்குவழிச் சாலை பிளந்த ஊருக்குச் சுரங்கப்பாதை கேட்பதும் அதே மனுவில் சேர வேண்டும்.