வாடகையை மறைத்தால் ஆளையும் மறைக்க வேண்டும்

தோழர்களே,

இந்தமுறை தலையங்கம் எங்கட வீடுகளுக்குள்ளேயே வருகிறது. எங்களில் கனபேருடைய அப்பாவோ மாமாவோ சித்தியோ லண்டனில் இரண்டாவது வீடொன்று வைத்திருக்கிறார். மூன்று அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கினம். முன்ஹோலும் ஒரு படுக்கையறைதான். மாதம் பிறந்தால் வாடகை கையில் காசாக வரும். அந்தக் காசு வரிக் கணக்கில் ஏறாது. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே பேசுகிற விஷயம்.

இது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூஹாம் கவுன்சில் 2013இல் தன் எல்லைக்குள் தனியார் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கியது. ஒரு முழு பரோவுக்கும் அப்படிச் செய்த முதல் கவுன்சில் அதுதான். அங்கே லைசென்ஸுக்குப் பதிந்த உரிமையாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வாடகை வருமானத்தை வரித் திணைக்களத்துக்குக் காட்டவில்லை என்று 2017இல் செய்தி வந்தது. ஈஸ்ட்ஹாமும் மனோர் பார்க்கும் அந்த நியூஹாமில்தான் இருக்கின்றன. அந்தப் பாதியில் எல்லா இனத்தவரும் இருப்பார்கள். நாங்கள் மட்டும் இல்லை என்று சத்தியம் பண்ண முடியுமா?

பெரியவர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கஷ்டப்பட்டு உழைச்ச காசு பிள்ளை. ஆரிட்டையும் களவெடுக்கேல்ல. இலங்கைக்கு ஆயுதம் வித்த அரசாங்கத்துக்கு நான் ஏன் வரி கட்ட வேணும்?" இந்தப் பதிலை நான் ஏளனமாகப் பார்க்கவில்லை. அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து, சீட்டுப் பிடித்து ஒரு வீட்டை வாங்கி, அதை வைத்து இன்னொன்றை வாங்கியவர்கள் அவர்கள். எங்களில் சிலர் படித்து முடித்ததும் அந்த வாடகைக் காசில்தான். ஆனால் அந்தப் பதிலில் ஓர் ஆளைக் காணவில்லை. அறைக்குள் இருப்பவர் எங்கே? இன்றைக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவர் அவர். மாதாமாதம் வரும் வாடகை அவர் உழைச்ச காசு.

கணக்கைப் பாருங்கள். வருஷம் 25,000 பவுண்ஸ் சம்பளம் எடுக்கும் ஒரு தொழிலாளிக்கு முதல் 12,570க்கு வரி இல்லை. மிச்சத்தில் 20 வீதம் வருமான வரி, 8 வீதம் நாஷனல் இன்சூரன்ஸ். சேர்த்துக் கிட்டத்தட்ட 3,480 பவுண்ஸ், சம்பளம் கைக்கு வரமுன்னமே வெட்டப்படுகிறது. அதே 25,000ஐ வாடகை இலாபமாக மட்டும் பெறுபவர், ஒழுங்காகக் காட்டினால்கூட, கட்டுவது 2,486தான். வாடகைக்கு நாஷனல் இன்சூரன்ஸ் கிடையாது. 2027 ஏப்ரலிலிருந்து வாடகை வருமானத்தின் வரிவீதம் 2 புள்ளி கூடும் என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அப்போதும் அவர் தொழிலாளியைவிடக் குறைவாகவே கட்டுவார். மறைத்தால் பூச்சியம். சட்டமே உழைப்பைவிடச் சொத்துக்குச் சலுகை கொடுக்கிறது. மறைப்பவர் அந்தச் சலுகையும் போதாது என்கிறார்.

வரிக்காசு ஆயுதத்துக்கும் போகிறது, உண்மை. அதை எதிர்த்துத்தான் நாங்கள் தெருவில் நிற்கிறோம். ஆனால் மாமா வரி கட்டாமல் விட்டதால் ஒரு ஆயுத ஏற்றுமதியும் நின்றதில்லை. அம்மம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கிறதா என்பதும் அதே வரிக்காசில்தான் தங்கியிருக்கிறது.

இவ்வளவும் அரசுக்குப் போகாத காசைப் பற்றிய கதை. என்னைக் கூடுதலாக உறுத்துவது வேறொன்று. வருமானத்தை மறைக்க வேண்டுமென்றால், அதைத் தரும் ஆளையும் மறைக்க வேண்டும். ஒப்பந்தம் எழுதினால் தடயம். வங்கியில் போட்டால் தடயம். டெப்பாசிட்டைச் சட்டப்படி பாதுகாப்புத் திட்டத்தில் வைத்தால், வேலை போனவர் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கு உதவி கேட்டால், அதுவும் தடயம். ஆகவே எல்லாம் வாய்ப்பேச்சு. "ஒரே ஊர் ஆக்கள்தானே, எதுக்குக் கடுதாசி?"

படிவம் நிரப்ப உதவி கேட்டு எங்களிடம் வந்த ஓர் அக்கா நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தவர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க விலாச ஆதாரம் கேட்டார்கள். வீட்டுக்காரர் கடிதம் தர மாட்டேன் என்றுவிட்டார். கவுன்சில் வரியும் மின்சாரமும் அவர் பெயரில். பொயிலர் பழுதாகி மூன்று கிழமை சுடுதண்ணி இல்லை, கவுன்சிலுக்கு முறையிடப் பயம். நாலு வருஷம் தவறாமல் வாடகை கட்டியவர், கடுதாசிகளின்படி அந்த வீட்டில் ஒருநாளும் இருந்ததே இல்லை. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் செக்‌ஷன் 21, 2025ஆம் ஆண்டு வாடகையாளர் உரிமைச் சட்டத்தால் 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் இல்லாமல் போகிறது. போராடி வாங்கிய உரிமை அது. இருந்ததற்கே ஆதாரம் இல்லாத ஒருவர் அதை எப்படிப் பயன்படுத்துவார்?

இந்த இருட்டை வீட்டுக்காரர் மட்டும் உருவாக்கவில்லை. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 'ரைட் டு ரென்ட்', 2016இலிருந்து இங்கிலாந்து முழுவதும் வீட்டுக்காரர்களை விசா பார்க்கும் அதிகாரிகளாக்கியது. விசா இல்லாத ஒருவருக்குக் கைக்காசு அறையைத் தவிர வேறு கதவு திறக்காது. அந்தக் கதவுக்கு எங்கட ஆக்களே திறப்பு வைத்திருக்கினம். அடைக்கலம் கொடுக்கிறோம் என்பார்கள். அடைக்கலம்தான், ஆனால் விலை வைத்த அடைக்கலம். வாய் திறக்காமல் இருப்பதும் அந்த விலைக்குள் அடக்கம்.

அப்படியானால் நாங்கள் என்ன செய்வது? வரித் திணைக்களத்துக்குப் போட்டுக்கொடுக்கலாமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். வீட்டில் இருப்பவரைக் கேட்காமல் அதைச் செய்யக்கூடாது என்பது என் நிலைப்பாடு. கடிதம் போகும் இடம் வீட்டுக்காரர். தெருவுக்கு வரப்போவது அறையில் இருப்பவர். எந்த நடவடிக்கைக்கும் முதல் சம்மதம் அவருடையது.

அவரிடம் சொல்ல வேண்டியவை இருக்கின்றன. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வாடகை கட்டி இருப்பவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தால் அந்த உரிமைகள் மிகவும் குறைவு. வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். விலாசத்துக்கு வந்த கடிதங்களை எறிய வேண்டாம். டெப்பாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் வைக்காத வீட்டுக்காரர், அதன் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை நட்டஈடு கட்ட நீதிமன்றம் உத்தரவிடலாம். லைசென்ஸ் தேவையான வீட்டை லைசென்ஸ் இல்லாமல் விட்டால் கட்டிய வாடகையையே திருப்பிக் கேட்கலாம்.

எங்கட வீட்டுப் பெரியவர்களிடமும் பேச வேண்டும். "மோட்கேஜ் கட்டினால் மிச்சம் ஒண்டும் இல்லை, பிறகென்ன வரி?" என்று நம்பி இருப்பவர்கள் கனபேர். மோட்கேஜில் முதலைத் திருப்பிக் கட்டுவது செலவாகக் கணக்கில் வராது. வட்டிக்கும் 2020 ஏப்ரலிலிருந்து 20 வீத வரிக்கழிவு மட்டும்தான். மிச்சமில்லாத வீட்டுக்கும் வரி வரலாம். 2013இலிருந்து 'லெட் ப்ராப்பர்ட்டி காம்பெயின்' என்ற வழி திறந்திருக்கிறது. தனிநபர்கள் தாங்களாகவே போய் அறிவித்தால், கணக்குப் பார்த்துக் கட்ட 90 நாள் தருவார்கள். திணைக்களத்தின் கடிதம் வரமுன்னம் போனால் அபராதம் குறையும். வேண்டுமென்றே மறைத்ததென்றால் 20 வருஷம் வரை பின்னோக்கிப் போகலாம். காணிப் பதிவையும் வாடகை ஏஜென்ட்களின் விபரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினி அமைப்பு அவர்களிடம் இருக்கிறது. பிடிபடமாட்டோம் என்ற நம்பிக்கை இனிச் சரிவராது. நல்ல கணக்காளர் ஒருவரிடம் கூட்டிப்போவது பிள்ளைகள் செய்யக்கூடிய உதவி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வரியைக் கட்டிவிட்டு அதை அறை வாடகையில் ஏற்றினால், பழைய கதைதான் புதுக் கணக்கில். வரியோடு சேர்த்து ஒப்பந்தம், ரசீது, டெப்பாசிட் பாதுகாப்பு, திருத்திய பொயிலர் எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

பாம்புக்கும் நோகாமல் தடிக்கும் நோகாமல் இதைப் பேச முடியாது. வெள்ளைக்காரக் கம்பனி வீட்டுக்காரருக்கு எதிராகக் கோஷம் போடுவது எங்களுக்குச் சுலபம். மாமாவிடம் கேட்பது கஷ்டம். இந்தக் கிழமை வீட்டில் ஒரேயொரு கேள்வி கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள்: "அந்த வீட்டில இருக்கிறவைக்கு எழுத்தில ஏதாவது குடுத்திருக்கிறீங்களா?" என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.

தோழமையுடன்,
ஆசிரியர் குழுவுக்காக