வீடு மட்டும் ஊர் ஆகாது

இயற்கையின் சீற்றத்தால் ஓர் ஊர் அழிந்துபட்டால், அதை மீண்டும் நிர்மாணிப்பது அரசாங்கத்தின் கடமை என்பதிலும், அதற்குப் பொதுமக்கள் துணை நிற்க வேண்டும் என்பதிலும் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆனால் புனர்நிர்மாணம் என்பது யாது? இத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்று எண்ணிச் சொல்வதோடு அது முடிந்துவிடுகிறதா? நகரங்களையும் வட்டாரங்களையும் திட்டமிட்டு அமைப்பது பற்றி ஆராயும் அறிஞர்கள் இக்கேள்வியைப் பல ஆண்டுகளாக எழுப்பி வருகிறார்கள். தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் நம் அங்கத்தினர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. ஆகவே இது குறித்து நமது கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறோம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்ராத் தீவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த பூகம்பத்தால் எழுந்த ஆழிப்பேரலை, தமிழகக் கடற்கரையில் சுமார் 8,000 உயிர்களைப் பலி கொண்டது. அவர்களில் 6,000 பேருக்கு மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் மாநில அரசாங்கம் வீட்டு வசதித் திட்டமொன்றை வெளியிட்டது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் குடியிருந்தவர்கள் அப்பால் சென்று குடியமர இசைந்தால், சுமார் 325 சதுர அடியில் சிமெண்டுக் கூரை போட்ட வீடு இலவசமாகக் கிடைக்கும் என்பது அதன் சாரம். வீட்டின் உரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பட்டா இன்றிக் குடிசையில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இது பெரும் பேறு. ஆயிரக்கணக்கான வீடுகளைச் சில ஆண்டுகளில் கட்டி முடித்த அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் பாராட்டுக்கு உரியவை.

எனினும், அப்பணியின் மறுபக்கத்தையும் காணவேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஜெனிபர் டைன் பாரன்ஸ்டைனும் அவருடன் பணியாற்றியவர்களும் இக்கடற்கரையில் நேரில் ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். புதுக் குடியிருப்புக்கு மனை வேண்டும் என்று பல ஊர்களில் மரங்கள் வெட்டப்பட்டதையும், அலையில் சேதமடையாத பழைய வீடுகள் கூட இடிக்கப்பட்டதையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். வேப்ப மரத்து நிழல் போயிற்று; தென்னை தந்த வருவாயும் போயிற்று. வலை பின்னவும், மீன் உலர்த்தவும், மாலையில் கூடிப் பேசவும் இருந்த இடங்கள் மறைந்தன. வெயிலில் காயும் சிமெண்டு வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. வீடு கிடைத்தவர்கள், வீட்டைச் சுற்றியிருந்த வாழ்வை இழந்தார்கள்.

இதற்கு எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. திட்டம் வகுப்போரின் வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு. சாலைக்கு ஒரு குறி உண்டு. மற்றவையெல்லாம் ‘காலி இடம்’ என்றே காணப்படும். நம் நெசவாளர் ஊர்களில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் பாவடி அந்த வரைபடத்தில் காலி இடம்; உழவர் நெல் தூற்றும் களம் காலி இடம்; ஆடு மாடு மேயும் புறம்போக்கும் காலி இடமே. காலி என்று எழுதப்பட்ட இடத்தில் கட்டடம் எழுவதைத் தடுக்க எவராலும் இயலாது. பாவடி இல்லாத ஊரில் கைத்தறி எங்ஙனம் நடக்கும்? அங்கு எழும் வீடு குடியிருக்க உதவலாம். பிழைப்பு நடத்த உதவாது.

நெசவாளருக்கு வீடே தொழிற்சாலை என்பதை மறந்தால் நேரும் துன்பத்தை 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளம் கேரளத்தில் உணர்த்தியது. எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. பெரியாற்று வெள்ளம் தறிகளையும் நூலையும், ஓணப் பண்டிகை விற்பனைக்கென நெய்து வைத்திருந்த துணிகளையும் சேற்றில் ஆழ்த்தியது. கறைபடிந்த துணிகளைத் தூய்மை செய்து, ‘சேக்குட்டி’ என்ற சிறு பொம்மைகளாக்கித் தொண்டர்கள் விற்றுக் கொடுத்தது அனைவரும் அறிந்த நற்செயல். ஆயினும், பொம்மை விற்ற பணத்தால் தறிக்குழியில் மறுபடி வெள்ளம் புகாமல் தடுக்க இயலாது. குழித்தறி தரையோடு பிணைந்தது. வெள்ளம் வரும் ஊரில் தறி எந்த மட்டத்தில் இருக்க வேண்டும், நூல் இருப்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பனவெல்லாம் வீட்டுத் திட்டத்திலேயே சேர வேண்டியவை.

நில அமைப்பு பிழைப்புக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் ஆதாரமாகும். வேதாரணியத்தை அடுத்த நாலுவேதபதி கிராமத்தார் 2002ஆம் ஆண்டில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு, கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். ஈராண்டுகளுக்குப் பின் அலை வந்தபோது, அத்தோப்பு அதன் வேகத்தைத் தணித்துத் தங்களைக் காத்தது என்று அவ்வூரார் நன்றியோடு கூறினர். கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்த அறிஞர் குழுவொன்றும், அலையாத்திக் காட்டுக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005ஆம் ஆண்டில் எழுதியது.

ஆனால் மரம் ஒன்றையே நம்பி இருந்துவிடலாகாது. ஊர் நிற்கும் மேடு எவ்வளவு உயரம், கடலுக்கும் அதற்கும் தூரம் எவ்வளவு என்பனவே முதன்மையானவை என்று வேறு ஆராய்ச்சியாளர்கள் வாதிட்டனர். அவர்களுக்குச் சான்றாக ஜப்பானைக் காட்டலாம். அந்நாட்டில் 2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் எழுந்த பேரலையில், ரிகுசென்தகாதா நகரத்துக் கடற்கரையில் இருந்த சுமார் 70,000 பைன் மரங்களில் ஒன்றே ஒன்றுதான் நிலைத்து நின்றது.

அந்நகரம் மீண்ட விதத்திலும் நமக்குப் பாடம் இருக்கிறது. மலையைக் குடைந்து மண் எடுத்து, ஆற்றைக் கடந்து கன்வேயர் பட்டை மூலம் கொண்டுவந்து, நகரின் நடுப்பகுதியைச் சுமார் 10 மீட்டர் உயர்த்தினார்கள். உயர்ந்த கடற்சுவரும் எழுப்பினார்கள். இவை முடியப் பல ஆண்டுகள் சென்றன. அதற்குள் மக்களில் பலர் வேறிடங்களில் வேர் பிடித்துவிட்டனர். உயர்த்திய மனைகளில் பெரும் பகுதி வெறுமையாய்க் கிடந்தது. பொருள் வசதியும் தொழில் நுட்பமும் மிக்க நாட்டிலேயே, மக்களின் பிழைப்பும் காலமும் திட்டத்தோடு இணையாதபோது இவ்வாறு நேர்ந்தது.

விளைநிலங்களை நோக்கினாலும் இதுவே உண்மை. 2004ஆம் ஆண்டின் அலை ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல்களில் உப்பையும் கடற்சேற்றையும் விட்டுச் சென்றது. சேற்றை அகற்றி, ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் மிகுதியாகப் பெய்து துணை செய்தது. மழை உப்பைக் கரைத்தாலும், கரைந்த நீர் வெளியேற வடிகால் வேண்டும். வடிகாலை மறித்துச் சாலையோ குடியிருப்போ எழுந்துவிட்டால், நிவாரணமே அடுத்த விபத்துக்கு விதையாகிவிடும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரணியம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். ஒரு மாதத்து நிவாரணத் தொகை அத்தனை ஆண்டு வருவாய்க்கு ஈடாகுமா? இடைக்காலத்தில் ஊடுபயிருக்கும் கடன் தவணைக்கும் வழி செய்வதும் புனர்நிர்மாணத்தின் அங்கமேயாகும்.

“கூரையின்றித் தவிப்பவர்களிடம் பாவடியையும் வேப்ப மரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாமா? வீடு விரைவில் வேண்டாமா?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். விபத்து நேர்ந்தபின் ஆராய்ந்துகொண்டிருக்க நேரம் இராது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அதனாலேயே விபத்துக்கு முன்பே ஆராய வேண்டும் என்கிறோம். எந்த மரம் நிற்க வேண்டும், எந்த வாய்க்கால் திறந்திருக்க வேண்டும், எந்த மேட்டில் ஊர் ஒதுங்கலாம் என்பவை முன்னரே எழுத்தில் இருந்தால் வீடு கட்டும் வேலை ஒரு நாளும் தாமதமாகாது.

இங்கேதான் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரும் பொறுப்பு இருக்கிறது. ஊரில் தறி எத்தனை, அவை யார் வீட்டில் எம்மட்டத்தில் உள்ளன என்பதைச் சங்கத்தைவிட நன்கு அறிந்தவர் யார்? குத்தகை நிலத்தில் பயிரிடும் உழவரின் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் இல்லாதிருக்கலாம். சங்கத்துப் பேரேட்டில் இருக்கும். நிவாரணம் ஏட்டில் கண்டதற்கே கிடைக்கும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் தறிகள், தோப்புகள், கிணறுகள், பாவடி, களம், வடிகால், மேட்டு நிலம் ஆகியவற்றைக் குறித்த பதிவேடு ஒன்றையும், ஊர்ப் படம் ஒன்றையும் தயாரிக்க வேண்டும். அவற்றின் பிரதியை வெள்ளம் எட்டாத வேறோர் ஊரில் பத்திரப்படுத்தவும் வேண்டும்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர்த் திட்டம் இருக்க வேண்டும் என்றும், அதை ஆண்டுதோறும் சீர்செய்ய வேண்டும் என்றும் விதிக்கிறது. இதை நம் அங்கத்தினர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அத்திட்டத்தில் நம் பாவடியும் வடிகாலும் இடம்பெற்றுள்ளனவா என்று சங்க நிர்வாகிகள் கேட்டறிய வேண்டும். இல்லையெனில், பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, ஊர்ப் படத்தையும் இணைத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். தனி மனிதரின் விண்ணப்பம் ஒரு மனு. நூறு குடும்பங்களின் தீர்மானம் ஊரின் குரல்.

பருவமழை நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது வருமுன் கூடும் பொதுக்குழுவில் லாபப் பங்கீட்டுக்கு ஒரு மணி நேரம் செலவிடுவோமானால், ஊரின் பாதுகாப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோமாக.