தலைப்பாகையோடு போயிற்றா?

பொழிச்சலூர்ச் சனிபகவான் சந்நிதிக்குச் சனிக்கிழமைதோறும் மோட்டார் வண்டிகள் சாரிசாரியாய் வருகின்றன. வழியில் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால் நம்மவர் செய்வதென்ன? வேஷ்டிப் புழுதியைத் தட்டிவிட்டு, "ஒன்றுமில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று வீடு திரும்புவார்கள். நாம் அஞ்சுவது இந்த "ஒன்றுமில்லை"யைத்தான்.

அதிர்ச்சியுற்ற தேகம் சிறிது நேரம் நோவை மறைத்துவிடும். கழுத்து வலி மறுநாள்தான் தெரியலாம். வயிற்றினுள்ளும் மண்டையினுள்ளும் கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தே தன்னைக் காட்டலாம். 2009-இல் நடிகை நடாஷா ரிச்சர்ட்ஸன் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்தார், நன்றாகப் பேசினார், வைத்திய உதவி வேண்டாமென்றார். பிறகே தலைவலி கண்டது. இரண்டு நாளில் உயிர் பிரிந்தது. மண்டையோட்டினுள் இரத்தக் கசிவே காரணம்.

ஆதலால் அடிபட்டவரை அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். பின்னும் இரண்டு நாள் தனியே விடலாகாது. தலைவலி ஏறுதல், வாந்தி, ஓயாத உறக்கம், பேச்சுத் தடுமாற்றம், கை கால் மரத்துப்போதல், வயிற்று வலி, மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். எண்ணெயிட்டுக் கழுத்தை நீவுதல் கூடவே கூடாது.

செலவை எண்ணித் தயங்க வேண்டுவதில்லை. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துற்றவர் எவ்வூராராயினும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, குறித்த வரம்புக்குள் இலவசம். அந்த அருமையான நேரத்தைத் திண்ணையில் கழித்துவிடலாமா? தலைப்பாகையோடு போயிற்றா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.