இரவு மின்சாரம் யாருக்கு மலிவு?

கண்டி வீதிகளில் மின்சார ஜீப்புகள் ஓடத் தொடங்கிவிட்டன. பொது நிலையத்தைவிட வீட்டில் சார்ஜ் ஏற்றுவது மலிவு என்கிறார்கள். இது பாதி உண்மையே. நேரவாரிக் கட்டணத்துக்கு மாறிய வீட்டுக்குத்தான் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த வீதம். மற்ற வீடுகளில் அலகு கூடக்கூட வீதமும் ஏறும். மாதம் 180 அலகைத் தாண்டினால் மிக உயர்ந்த படி. அப்போது வீட்டில் ஏற்றும் இலாபம் கரைந்துபோகும். லீசிங்கில் வண்டி எடுக்க நினைக்கும் நம் இளைஞர்கள் முதலில் மின்பட்டியலைப் பார்க்கட்டும்.

பிவைடி அட்டோ 3 வண்டியின் பெரிய பற்றரி நிரம்ப ஏறக்குறைய 60 அலகு வேண்டும். சிறு பாவனையாளருக்கான சலுகை வீதமும் மாதத்துக்கு 60 அலகோடுதான் முடிகிறது. வண்டியின் ஒரு வயிற்றுத் தீனி, ஏழை வீட்டின் ஒரு மாத வெளிச்சம்!

வண்டிக்காரரை நாம் குறைசொல்லவில்லை. புகை குறைவது நல்லதே. ஆனால் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் வயல்களும் நீரில் மூழ்கின. அந்த நீரிலிருந்து 210 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கலாம். நிலத்தைக் கொடுத்து எழுந்துபோன குடும்பங்களுக்கு நேரவாரி மின்மானியை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தால் என்ன? இரவில் கிணற்றுப் பம்பை ஓட்டிக்கொள்வார்களே. அடுத்த கிராமக் கூட்டத்தில் இதை எழுத்தில் கேட்போம்.