காப்பியும் கர்ப்பிணியும்

கிங்ஸ் சர்க்கிளில் குடியிருக்கும் தமிழருக்குக் காப்பியைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது புலருமுன் டிகாக்‌ஷன் இறங்கிவிடுகிறது. மாலையில் மறுபடியும் அடுப்பில் பால் ஏறுகிறது. அவ்வாறிருந்தும் இம்மாதம் இப்பகுதியில் காப்பியைப் பற்றியே எழுதத் துணிந்தோம். நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றே அதற்குக் காரணம்.

சென்ற ஆண்டு நம் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி. நாம் அலுவல் முடிந்து திரும்புகையில் பிளாஸ்கில் காப்பி வாங்கி வந்து, இரண்டு டம்ளர்களில் சரிபாதியாக ஊற்றுவது வழக்கம். நமக்கு ஒன்பது மணிக்கே கண் செருகும். அவளோ இரவு இரண்டு மணிக்கும் பால்கனியில் நடந்துகொண்டிருப்பாள். மார்பு படபடப்பதாகச் சொல்வாள். “பிள்ளைத்தாய்ச்சிக்குத் தூக்கம் ஏது? நாங்களெல்லாம் பெறவில்லையா?” என்றார் நம் அன்னையார். நாமோ, “வீண் கவலையை விடு” என்று புத்தி சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டோம்.

பரிசோதித்த லேடி டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நாளொன்றுக்கு எத்தனை டம்ளர் காப்பி, அம்மா?” நான்கு என்றாள். “இரவு பத்து மணிக்குப் படுக்கும்போது நான்கும் உன் உடம்பில்தான் இருக்கின்றன” என்றார் அவர்.

அதன் பொருளைப் பின்னரே விசாரித்து அறிந்தோம். களைப்பை மூளைக்கு அறிவிக்கும் அடினோசின் என்னும் பொருளின் இடத்தைக் காப்பியிலுள்ள கஃபீன் பிடித்துக்கொள்கிறது. ஆகவே தூக்கம் விலகுகிறது. கஃபீனைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலிலுள்ள ஒரு நொதியின் வேலை. சாதாரணமாக உட்கொண்டதில் பாதி கழிய ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். கர்ப்ப காலத்தில் அந்நொதியின் வேகம் மாதத்துக்கு மாதம் குறைகிறது. அப்போது பெருகும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பே இதற்கு முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது. கடைசி மூன்று மாதங்களில் பாதி கழியவே 15 மணி நேரம் வரை செல்லலாம். மாலை 5 மணிக்கு நாம் அருந்தியதில் பாதி இரவு 10 மணிக்குள் கழிந்தது. அவள் அருந்தியதில் பாதி மறுநாள் காலை 8 மணிக்கும் எஞ்சியிருந்தது. அதற்குள் அடுத்த டம்ளரும் வந்துவிட்டது! நாம் சரிபாதி என்று எண்ணி ஊற்றியது சரிபாதியே அன்று.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை உண்பவர்க்கும் கஃபீன் கழியும் நேரம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. அரசு வழங்கும் மாலா-என் இவ்வகையைச் சேர்ந்ததே. மாட்டுங்கா நிலையம் 2017-இல் முழுவதும் மகளிர் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். இரவுப் பணியில் காப்பியை நம்பும் சகோதரிகள் எங்கிருப்பினும் இதை நினைவில் வைத்தல் நன்று. மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை; கடைசி டம்ளரைச் சற்று முன்னதாக அருந்தினால் போதும்.

காப்பியோடு இது நிற்பதுமில்லை. ஆம்ஃபெட்டமின் என்னும் கடுமையான ஊக்க மருந்தைக் கொண்டு சிகாகோவில் நடத்திய ஆராய்ச்சியொன்று 1999-இல் வெளியாயிற்று. மாதவிலக்குச் சுழற்சியின் முற்பாதியில் பெண்கள் அதன் கிளர்ச்சியைப் பிற்பாதியைவிட மிகுதியாக உணர்ந்தனர். ஒரே பெண்ணுக்கு ஒரே அளவு மருந்து இரு வாரங்களில் இருவிதமாக வேலை செய்கிறதெனில், ஆடவருக்கு அளந்ததையே பெண்டிருக்கும் அளப்பது எங்ஙனம் பொருந்தும்? ஆயினும் அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துகளின் ஆரம்பப் பரிசோதனைகளில் சேர்க்கலாகாது என்றே அரசின் வழிகாட்டுதல் இருந்தது. பெரிய விஞ்ஞானிகளும் நம்மைப் போலவே கேட்க மறந்திருக்கின்றனர்.

தூக்கம் மட்டுமாயின் இத்தனை எழுதமாட்டோம். கஃபீன் நஞ்சுக்கொடி வழியே சிசுவையும் சென்றடைகிறது. அதைச் சிதைக்கும் ஆற்றல் சிசுவுக்கு இல்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவுறுத்தியது. கருச்சிதைவும் எடை குறைந்த குழந்தைப் பிறப்பும் நேரும் அபாயத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம் 200-க்குள் இருக்கச் சொல்கிறது. நம் ஐ.சி.எம்.ஆர். 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லி வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் உண்டு; இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65; தேநீரில் 30 முதல் 65. சிக்கரியில் கஃபீன் இல்லை. நான்கு டம்ளர் பில்டர் காப்பி என்பது 400-ஐத் தொடுமென்று கணக்கிட, நம்மைப் போன்ற மெட்ரிகுலேஷன் படிப்பே போதுமானது. கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் நமக்குத் தோன்றவில்லை.

அன்று முதல் காலையில் ஒரு டம்ளர் என்று நின்றது. பத்து நாட்களில் படபடப்பு தணிந்தது. எட்டாம் மாதத்து இடுப்பு வலி இருக்கத்தான் செய்தது. எனினும் இரவில் நாலைந்து மணி நேரமாவது உறங்கினாள். குழந்தைக்கு இப்போது ஏழு மாதம், நலமே.

கர்ப்பிணிகள் உள்ள வீட்டுப் பெரியோர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறோம். நாளைக் காலை தொடங்கி மறுநாள் காலை வரை அப்பெண் அருந்தும் டம்ளர்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை டாக்டரிடம் சொல்லுங்கள். அவள் தூங்கவில்லை என்றால், எங்கள் காலத்தில் என்று தொடங்காதீர்கள். நம் அன்னையார் இப்போது அங்ஙனம் தொடங்குவதில்லை. நேற்றுக்கூட மாடிவீட்டுப் பெண்ணை நிறுத்தி, “எத்தனை டம்ளர், அம்மா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.